ஊர்க் கண்மாயைத் தூர்வார எந்த வழி? ஐந்து வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவுகளும்

மழைக்காலம் முடிந்து கண்மாய் வற்ற ஆரம்பித்ததும் இந்தக் கேள்வியும் வர ஆரம்பித்துவிடும். ஊர்க்கூட்டம் போட்டாயிற்று, தூர்வாருவது என்று முடிவும் எடுத்தாயிற்று. சிங்கப்பூரில் இருக்கும் பையன்கள் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் எழுதலாம் என்கிறார்கள். பெரியவர்கள் நீர்வளத் துறைக்கு மனுக் கொடுக்கச் சொல்கிறார்கள். இதற்கு நடுவில் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எதைப் பிடிப்பது?

மொத்தம் ஐந்து வழி இருக்கிறது. ஐந்திலும் ‘மக்கள் பங்களிப்புடன்’ என்று பலகை வைப்பார்கள். ஒன்றில் பங்களிப்பு என்றால் உங்கள் காசு, இன்னொன்றில் உங்கள் உடம்பு, வேறொன்றில் வெறும் கையெழுத்து. பெரும்பாலான ஊர்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வழியில் இறங்கிவிடுகின்றன. மதிப்பீடு போடும்போது யாரைக் கேட்கிறார்கள், மூன்றாவது வருடம் மடையை (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகை) யார் திறந்து மூடப்போகிறார்கள் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு இறங்குங்கள் என்பேன் நான்.

(கண்மாய் என்றே எழுதுகிறேன். வடக்கே இருப்பவர்கள் ஏரி என்றும் திருநெல்வேலிப் பக்கம் குளம் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.)

## எதை வைத்து எடைபோடுவது

கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் பரப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றிய அலுவலகத்தில் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தப்பான அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தே ஒரு கோடையைத் தொலைத்த ஊர்கள் உண்டு.

மதிப்பீடு யார் கையில்? எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம், மண் எங்கே போவது, முதலில் வரத்துக் கால்வாயா கண்மாய் உட்பரப்பா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் முடிவாகிறது. அதன் பிறகு நடக்கும் கூட்டங்களில் பெரிதாக மாற்ற ஒன்றும் இருக்காது.

ஊர் எவ்வளவு போட வேண்டும், எப்போது? ஒரு லட்ச ரூபாயை வேலைக்கு முன்பே கட்டுவதும், வேலை நடக்க நடக்கக் கொடுப்பதும் ஊருக்கு ஒன்றல்ல.

நிலம் இல்லாதவருக்கு என்ன? கண்மாய் நிறைந்தால் ஆயக்கட்டுக்காரருக்கு நெல். மற்றவர்களுக்குக் கிணற்றில் நீர்மட்டம், மாட்டுக்குத் தண்ணீர், நடவுக் கூலி, கொஞ்சம் மீன். பலன் இப்படி ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது செலவை மட்டும் சமமாகப் பிரித்தால் அதற்குப் பங்களிப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது வருடம்? சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கே தளிர்க்கும். ஆடு மாடுகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டுவிட்டுப் போகும். மடைக் கதவின் திருகில் எண்ணெய் விட ஆள் இல்லாவிட்டால் அது துருப்பிடித்து இறுகிவிடும். தூர்வாரியதற்குக் கணக்கு காட்டுவதற்கு நிறையப் பேர் இருப்பார்கள். இந்தச் சில்லறை வேலைக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும்.

## அதற்கு முன் மண் கணக்கைப் போட்டுவிடுவோம்

எந்த வழியில் போனாலும் இந்தக் கணக்கு இல்லாமல் போகாதீர்கள்.

10 ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு வண்டல் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக 4,35,600 கன அடி மண், சுமார் 12,300 கன மீட்டர். டிராக்டர் ஒரு நடைக்கு மூன்று கன மீட்டர் ஏற்றும் என்றால் நாலாயிரத்துச் சொச்சம் நடை. ஒரே ஒரு அடிக்கு, அதுவும் சின்னக் கண்மாய்க்கு.

இத்தனை மண்ணும் எங்கே போகும்? தமிழ்நாடு சிறு கனிம விதிகளின்படி விவசாயிகள் வண்டல் மண்ணைத் தங்கள் நிலத்துக்கு இலவசமாக எடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60 கன மீட்டர் என்று அளவு இருக்கிறது. தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள். மேலே சொன்ன 12,300 கன மீட்டரையும் நன்செய்யில் மட்டும் கொட்டுவதானால் 164 ஏக்கர் வேண்டும். அந்த அளவு நிலம் உங்கள் ஊரில் தயாராக இல்லையென்றால் மீதி மண் கரையைப் பலப்படுத்தப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாருடைய கண்ணாவது அதன் மேல் விழும். தூர்வாரும் வேலை பாதி ஊர்களில் சண்டையில் முடிவதற்குக் காரணம் இந்த மீதி மண்தான்.

இன்னொன்று. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் போனாலும் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. நிலத்தடி நீருக்கும் மாடுகளுக்கும் அது ஆகும், நெல்லுக்கு ஆகாது. ஆழம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று பொக்லைன் ஓட்டுநர் கரையடியில் தோண்டிக்கொண்டே போனால் கரைக்கே ஆபத்து. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும் ஊரில் உள்ளே எவ்வளவு தோண்டினாலும் அது காலிப் பாத்திரத்தைப் பெரிதாக்குவதுதான். கால்வாய் நாலைந்து ஊர் வழியாக வரும், ஆக்கிரமிப்பு இருக்கும், அளவையர் வர வேண்டும். கஷ்டமான வேலை என்பதால் எல்லோரும் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதைப் பயன்படுத்த ஊருக்குள் ஒற்றுமை வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஊர் தருவது | மதிப்பீடு யார் கையில் | வேகம் | மூன்றாம் வருடம் |
|---|---|---|---|---|
| ஊரே வசூலித்துச் செய்வது | முழுச் செலவு | ஊர்க் குழு | மிக வேகம் | குழு கலையாமல் இருந்தால் உண்டு |
| நமக்கு நாமே | குறைந்தது மூன்றில் ஒரு பங்கு | பெரும்பாலும் ஒன்றியப் பொறியாளர் | நடுத்தரம் | ஊராட்சியைப் பொறுத்தது |
| குடிமராமத்து முறை | 10 சதவீதம் | துறை, சங்கத்தோடு சேர்ந்து | அரசாணையைப் பொறுத்தது | சங்கம் உண்மையானதா என்பதைப் பொறுத்தது |
| நூறு நாள் வேலை | உழைப்பு, கூலி உண்டு | கிராம சபைப் பட்டியல், ஒன்றியம் | மெதுவு | மறுபடி எழுதிப் போடலாம் |
| கம்பெனி அல்லது தொண்டு நிறுவனம் | பெரும்பாலும் ஒன்றுமில்லை | பணம் தருபவர் | மார்ச்சுக்குள் | பலகை நிற்கும் |

## ஊரே வசூலித்துச் செய்வது

இதற்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு, தஞ்சை மாவட்டக் கடைமடையில் (ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பகுதியில்) பேராவூரணிப் பக்கத்து இளைஞர்களும் விவசாயிகளும் 2019-ல் தாங்களே பணம் திரட்டிப் பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினார்கள். 564 ஏக்கர் குளம். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘கைஃபா’ என்று அறியப்படும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம். அதன் பிறகு பல ஊர்களில் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

அந்த வட்டாரத்தில் இது ஓடியதற்கு எனக்குத் தோன்றும் ஒரு காரணம், அது மொய் விருந்து நடக்கும் மண். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கும், திருப்பிச் செய்வது மரியாதை. அப்படிப்பட்ட ஊரில் கணக்கு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் திருவிழா வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டும் பழக்கம் இருக்கிறதா? இருந்தால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவரும். “அவரிடம் போய்க் கணக்கு கேட்பதா?” என்று தயங்கும் ஊர் என்றால் வேண்டாம்.

வேகத்தில் இதை அடிக்க வேறு வழி கிடையாது. இன்றைக்குப் பணம் சேர்ந்தால் நாளைக்கு வண்டி இறங்கிவிடும். எங்கே தோண்டுவது என்பதை மடையைத் தெரிந்தவர்களே சொல்வார்கள்.

மறைமுகச் செலவு மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது. முதலாவது அனுமதி. சொந்தக் காசு என்றாலும் கண்மாய் அரசுடையது, துறையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வண்டி இறக்கினால் மண் திருட்டு என்று வழக்கு வரும். இரண்டாவது, இயந்திர வாடகை மணிக்கணக்கில் ஓடும். டிராக்டர் வருவதற்குத் தாமதமாகி, பொக்லைன் சும்மா நின்றாலும் சில இடங்களில் மணி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாடகை பேசும்போதே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று போட்டால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆயக்கட்டில் பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஆயிரம், அவர் வயலில் களை எடுக்கப் போகிறவருக்கும் ஆயிரம். இதில் என்ன நியாயம்? பல ஊர்களில் தலைக்கட்டு என்பது கல்யாணமான ஆண்களின் கணக்கு. கணவரை இழந்த பெண்ணுக்கு அரை வரி, இல்லையென்றால் வரியே இல்லை. சலுகை மாதிரித்தான் தெரியும். ஆனால் வரி கொடுக்காதவர் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாது என்பதும் அதோடு சேர்ந்தே வரும். சேரித் தெருவில் வசூலிப்பதா வேண்டாமா என்ற பேச்சு வரும்போதும் இதே கதைதான். வசூலில் சேர்க்காத ஊர், மீன்பிடியன்றைக்கும் சேர்க்காது.

என்னைக் கேட்டால் வசூலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆயக்கட்டுக்காரருக்கு ஏக்கர் கணக்கு. மற்றவர்களுக்கு விருப்பப்பட்ட தொகை, பத்து ரூபாயானாலும் ரசீது. குழுவில் இடம், ரசீதின் தொகையைப் பார்க்காமல் தெருவுக்கு இத்தனை பேர் என்று. வெளிநாட்டுப் பணம் வந்தால் அதை வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். முழுப் பணமும் வெளியிலிருந்து வந்துவிட்டால் ஊரில் இருப்பவர்களுக்குக் கணக்கு கேட்கும் உரிமையே போய்விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கண்மாயைப் பற்றிய பேச்சு வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது, கரையில் இருப்பவருக்குச் செய்தி கடைசியாக வருகிறது.

## நமக்கு நாமே திட்டம்

1997-ல் தொடங்கியது. நடுவில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயருக்கே திரும்பியது. பெயர் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஊர் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். கிராமப்புறத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 6 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் 2 லட்சம் கட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் அந்த வருட நெறிமுறையை ஒரு நகல் வாங்கிவிடுங்கள், பங்கு அளவும் தகுதியான வேலைகளின் பட்டியலும் மாறுவதுண்டு.

கையில் கொஞ்சம் பணம் வைத்திருக்கும் ஊருக்கு இது லாபமான வழி. நீங்கள் போடும் ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகத் திரும்புகிறது. பொறியாளர் அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, அதன் பிறகே பில் போகிறது என்பதால் ஓர் ஒழுங்கும் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். நிர்வாக அனுமதி வருவதற்குள் கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டால் உங்கள் இரண்டு லட்சம் அடுத்த கோடை வரை சும்மா கிடக்கும். வசூலித்த குழு ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து, ‘மக்கள் பங்கு’ ஒரே ஆளிடமிருந்து வரலாம். விதி அதைத் தடுக்கவில்லை. குவாரி வைத்திருப்பவரோ தேர்தலில் நிற்கப்போகிறவரோ முழுப் பங்கையும் கட்டிவிடுவார். ஊருக்கு ஒரு பைசா செலவில்லை, சந்தோஷம்தான். அப்புறம் மண் எங்கே போகிறது என்று யார் கேட்பது?

பாதிக்கு மேல் பங்களித்தால் பங்களிப்பவரே வேலையை எடுத்துச் செய்யலாம் என்ற வசதியும் இத்திட்டத்தில் இருந்துவருகிறது. நன்றாகக் கணக்கு வைக்கும் குழுவுக்கு அது நல்ல வாய்ப்பு, தனி ஆளுக்குப் போனால் ஆபத்து.

## குடிமராமத்து முறை

பேரைக் கேட்டாலே பெரியவர்களுக்கு ஒரு பூரிப்பு வரும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவார்கள் என்பார்கள். உண்மைதான், வந்தார்கள். யார் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும் மடைக்குடும்பர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கண்மாய் உடைகிற இரவில் கரையில் நின்றவர்கள் அவர்கள், கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் வேறு பலர். வெள்ளைக்காரன் 1858-ல் சென்னை மாகாணத்துக்கு இதற்காகக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவருவோம் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தமிழக அரசு குடிமராமத்தைப் புது வடிவில் தொடங்கிவைத்தது: 100 கோடி ரூபாயில் 30 மாவட்டங்களில் 1,519 வேலைகள். பத்து சதவீதம் ஆயக்கட்டுக்காரர் பங்கு, அதைக் காசாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். டெண்டர் இல்லாமல் விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே வேலை. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். துறையின் பொறியியல் அறிவும் ஊரின் அனுபவமும் ஒரே மேஜைக்கு வருகின்றன. மடை, கலுங்கு (கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் வழிந்தோடும் அமைப்பு) போன்ற கட்டுமான வேலை இருக்கும் பெரிய கண்மாய்க்கு இந்த முறைதான் பொருத்தம். ஊர்க் குழுவும் நூறு நாள் வேலையும் கலுங்கு கட்ட முடியாது.

நடைமுறையில் எல்லாம் அந்தச் சங்கம் எப்போது பிறந்தது என்பதில் இருக்கிறது. வேலைக்கு முன்பே இருந்த சங்கம் என்றால் சரி. வேலை வருகிறது என்று தெரிந்த வாரத்தில் பதிவான சங்கம் என்றால், தலைவர் பெயருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்ததாரர் இருப்பார். பத்து சதவீதத்தை அவரே கட்டி, அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரிந்த வழியில் எடுத்துவிடுவார். தீர்மானப் புத்தகத்தில் எல்லோர் கையெழுத்தும் இருக்கும். கூட்டம் நடந்த தேதியில் அவர்களில் பாதிப் பேர் திருப்பூரில் இருந்திருப்பார்கள்.

இந்தப் பெயரில் திட்டம் இருக்கிறதா, வேறு பெயரில் வருகிறதா என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும். அதனால் திட்டம் வரட்டும் பார்க்கலாம் என்று உட்காராமல் சங்கத்தை இப்போதே பதிவு செய்து, வருடம் தவறாமல் பொதுக்குழு கூட்டி வையுங்கள். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை தொண்ணூறுகளிலிருந்து ‘வயலகம்’ என்ற பெயரில் கண்மாய்க்கு ஒரு விவசாயிகள் சங்கமாகக் கட்டிவந்திருக்கிறது. பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் போய் அவர்கள் பதிவேடுகளைப் பாருங்கள், ஒரு நாள் போதும்.

## நூறு நாள் வேலை

வட மாவட்டங்களில் இதற்கு ‘ஏரி வேலை’ என்றே பெயர். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்த வேலையின் விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. நான் சொல்வது இத்தனை வருடம் நடந்துவந்த முறை.

ஐந்து வழிகளில் இதில் மட்டும்தான் நிலம் இல்லாதவருக்குக் கையில் காசு வருகிறது. வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒப்பந்ததாரர் கூடாது, ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரம் கூடாது, செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலியாகவே போக வேண்டும், கிராம சபையில் சமூகத் தணிக்கை உண்டு. பங்களிப்பு என்று மற்ற இடங்களில் கூலியில்லாமல் கேட்கும் உழைப்புக்கு இங்கே சம்பளம் இருக்கிறது. இதைக் கேலி பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆயக்கட்டில் நிலம் வைத்து, நடவுக்கு ஆள் கிடைக்காமல் கடுப்பில் இருப்பவர்கள்.

ஆனால் வேலையின் அளவைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். இறுகிய அடிமண்ணை மண்வெட்டியால் ஓர் அடி எடுப்பது லேசான காரியமா? மேலே போட்ட கணக்கில் 12,300 கன மீட்டரைக் கூடையில் சுமக்கச் சொன்னால் நடக்காது. வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வது, கரையை உயர்த்துவது, புதர் அகற்றுவது, கரையில் பனை விதை ஊன்றி இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றுவது, இவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வருடா வருடம் திரும்ப எழுதிப் போடலாம் என்பதால் பராமரிப்புக்கு இதுவே முதல் தேர்வு.

மறைமுகச் செலவு, கூலி வரும் தாமதம். கைபேசிச் செயலியில் இரண்டு வேளையும் படம் ஏற வேண்டும், சிக்னல் இல்லாத கண்மாய்க்குள் பணித்தளப் பொறுப்பாளர் கையை உயர்த்திக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி கேள்விக்குறி. அந்தப் பாரத்தை ஊர் சுமப்பதில்லை, ஊரிலேயே ஏழையான வீடுகள் சுமக்கின்றன.

## கம்பெனிப் பணம், தொண்டு நிறுவனம்

2013 கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நேரடியாகவோ பதிவு பெற்ற நிறுவனம் வழியாகவோ செய்வார்கள். கோயம்புத்தூரில் 2003 முதல் இயங்கும் சிறுதுளி போலத் தொழில் நிறுவனங்களும் நகரமும் சேர்ந்து குளங்களுக்கு வேலை செய்த அனுபவம் தமிழ்நாட்டில் உண்டு. நகரக் குளம், சுற்றிலும் வீடுகள், ஆயக்கட்டே இல்லை, ஆயக்கட்டுக்காரர் சங்கம் அமைக்க ஆளே இல்லை என்ற இடத்தில் இது நல்ல வழி.

கிராமக் கண்மாய்க்கு வரும்போது காலண்டர் இடிக்கும். கம்பெனியின் வருடம் மார்ச் 31-ல் முடிகிறது. தென் மாவட்டக் கண்மாய் நன்றாக வற்றுவது பங்குனி, சித்திரையில். அதற்கு முன்பே அவசரமாகச் சேற்றில் இறங்கிய வண்டி மேலாக வழித்துக்கொண்டு, படத்துக்கு அழகாகக் கரையைச் சீவிவிட்டுப் போய்விடும். நடைபாதை, பெஞ்சு, நடுவில் ஒரு தீவு என்று பூங்கா வேலை தலைகாட்டினால் உஷாராகுங்கள். தீவு இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்காது. தொடர் திட்டம் என்று காட்டினால் செலவாகாத பணத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக அவர்களுக்கு விதியிலேயே வழி இருக்கிறது. “சித்திரையில் தொடங்குங்கள், இரண்டு வருடப் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள்” என்று கேளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத பணம் வேறு ஊருக்குப் போகட்டும்.

## எந்த ஊருக்கு எது

ஒன்றியக் கண்மாய், சின்னது, கட்டுமான வேலை இல்லை, ஊரில் கணக்கு கேட்கும் பழக்கம் உண்டு: வசூலித்து நீங்களே செய்யுங்கள். மதிப்பீடு மட்டும் ஓய்வுபெற்ற பொறியாளர் யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பணம் இருக்கிறது, ஆனால் குழுவின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை: நமக்கு நாமே. பங்குத் தொகையைக் குறைந்தது ஐம்பது வீடுகளிடமிருந்தாவது வாங்குங்கள், ஒரே ஆளிடம் வாங்காதீர்கள்.

மடையும் கலுங்கும் போய்விட்ட பெரிய கண்மாய்: துறை வழியைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் சங்கத்தை உயிரோடு வைத்திருப்பதே உங்கள் வேலை.

ஊரில் பாதிக்கு மேல் நிலம் இல்லாதவர்கள்: நூறு நாள் வேலையில் வரத்துக் கால்வாயை எழுதுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

எனக்கு ஒரு சாதாரண ஒன்றியக் கண்மாயைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டைச் சேர்ப்பேன். வரத்துக் கால்வாயும் கரையும் நூறு நாள் வேலையில், உட்பரப்பு வண்டல் நமக்கு நாமேயில். பராமரிப்புக்கு மீன்பாசிக் குத்தகைப் பணத்தில் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வரும் பணத்தில்) ஒரு பங்கைக் கண்மாய்க்கே ஒதுக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் கேட்பேன். அந்தப் பணம் ஊராட்சிக் கணக்கில் போய் விழுவதால், தீர்மானம் இல்லாமல் ஒரு பைசாவும் மடைக்குத் திரும்பி வராது. மடை பார்ப்பவருக்கு அதிலிருந்து மாதச் சம்பளம் போட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பழைய வழக்கப்படி குறிப்பிட்ட ஒரு தெருவையே கைகாட்டுவது நடக்கக் கூடாது.

காலக்கணக்கு தென் மாவட்டங்களுக்கு இப்படி: தீர்மானம் அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வருகை வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது, எனவே ஆள் சேர்க்கும் வேலை முதல் வாரமே தொடங்கட்டும். தையில் அளவையர் வந்து எல்லைக் கல் நட வேண்டும். வண்டல் கேட்கும் விவசாயிகளின் பட்டியல் சிட்டா நகலோடு மாசிக்குள் தாசில்தார் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் மதிப்பீட்டை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், எல்லாப் பக்கத்தையும். வண்டி இறங்குவது சித்திரையில், ஆனியோடு நிறுத்திவிட வேண்டும். ஆடியில் வரத்துக் கால்வாயை மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள். நாலு மாதத்தில் யாராவது ஒரு வரப்பைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார்.